மொன்செராத் கபாயே: மூச்சால் கட்டிய குரல்

ஸ்பெயினின் ஆப்பரா பாடகி மொன்செராத் கபாயே என்றாலே, ‘குயீன்’ ராக் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரியோடு பாடிய ‘பார்சலோனா’தான் நம்மில் பலருக்கு நினைவு வரும். அந்தக் காணொளிக்குக் கீழே "கடவுள் கொடுத்த குரல்" என்று யாராவது எழுதாமல் இருப்பதில்லை. அன்பில் எழுதுகிறார்கள், புரிகிறது. ஆனாலும் அந்தப் பாராட்டு அவருடைய வாழ்நாள் உழைப்பை ஒரே வரியில் அழித்துவிடுகிறது என்பது என் கருத்து. குரலின் இனிமை பிறவியில் வந்திருக்கலாம். உலகம் அவரை எதற்காகக் கொண்டாடியதோ அது பிறவியில் வந்ததில்லை. தார ஸ்தாயியில் ஒரு சுரத்தை நூல் மாதிரி மெலிதாக எடுத்து, அசையாமல் நிறுத்தி, மைக் இல்லாமல் பெரிய அரங்கின் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். அது கற்றுக்கொண்ட வித்தை. யாரிடம் கற்றார், உடம்பில் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டு கேட்டால் அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்யும்.

1933 ஏப்ரல் 12 அன்று பார்சலோனாவில் பிறந்தார். மூன்று வயதில் ஸ்பெயின் உள்நாட்டுப் போர் தொடங்கியது. குண்டுவீச்சில் வீடு போனது, அதற்குப் பிந்தைய வருடங்களில் வறுமை. கைக்குட்டை செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். பெர்ட்ராண்ட் என்ற வசதியான குடும்பம் ஆதரித்ததால்தான் லிசேயு இசைக் கல்லூரியில் படிப்பைத் தொடர முடிந்தது. அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியை எவ்ஹேனியா கெம்மெனி, ஹங்கேரியைச் சேர்ந்தவர். பாட்டுக்கு முன்னால் மூச்சு என்பது அவருடைய வழி. சுரத்தைத் தொடுவதற்கு முன்பே விலாவையும் வயிற்றுத் தசையையும் பழக்கினார். இன்னொரு ஆசிரியை கொஞ்சிதா பாதியா பாடல்களின் நயத்தைக் கற்றுக்கொடுத்தார். 1954இல் படிப்பு முடிந்தது. பிற்காலப் புகழ் அத்தனைக்கும் அஸ்திவாரம் கெம்மெனியின் வகுப்புதான் என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

அந்த மூச்சு வேலையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

பாடகர்களுக்கு நுரையீரல் பெரிதாக இருக்கும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. முழுதாக இழுத்து முழுதாக விட்டால் சராசரிப் பெண்ணுக்கு மூன்று லிட்டரும் கொஞ்சமும் காற்று வெளியே வரும். நல்ல பாடகிக்கு அதைவிடப் பிரமாதமாகக் கூடுதல் ஒன்றும் இருக்காது. வித்தியாசம் செலவழிப்பதில் இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது தோள் உயரக் கூடாது. கீழ் விலாக்கள் பக்கவாட்டிலும் முதுகுப்பக்கமும் விரிய வேண்டும். தோள் உயர்ந்தால் கழுத்துத் தசை இறுகும், குரல்வளை மேலே ஏறும், சுரம் பிறக்கும் முன்பே இடம் குறுகிவிடும். இழுத்த பிறகு விலாக்களை அந்த விரிப்பிலேயே நிறுத்திக்கொண்டு, வயிற்றுத் தசை மெல்ல உள்ளே போக, உதரவிதானம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். இத்தாலியர்கள் இதை அப்போஜ்ஜோ என்பார்கள். விலா சட்டென்று விழுந்தால் காற்றின் அழுத்தம் மொத்தமாகக் குரல்நாண்கள்மேல் மோதும். அதைத் தாங்கப் பாடகர் தொண்டையை இறுக்குவார். சுரம் கரடாகும், அல்லது உடையும்.

இப்போது மெலிதாகப் பாடுவதற்கு வருவோம். குரலைக் குறைக்கிறோம் என்றால் மூச்சுப் பிடிப்பையும் தளர்த்திவிடலாம் என்றுதான் புதிதாகக் கற்பவருக்குத் தோன்றும். அங்கேதான் எல்லாம் கெடுகிறது. பிடிப்பு தளர்ந்தால் சுருதி கீழே இறங்கும். குரல்நாண்கள் முழுதாக மூடாமல் காற்று ஒழுகும், புகை மாதிரி ஒரு ஓசை வரும், பத்தாவது வரிசையைத் தாண்டாது. கபாயே செய்தது இதற்கு நேர் எதிர். குரல் மெலியும்போது விலாவின் பிடிப்பை இன்னும் கவனமாக வைத்துக்கொள்வார். குரல்நாண்கள் ஒவ்வொரு சுற்றிலும் சுத்தமாக மூடும், ஆனால் அழுத்தம் மிகக் குறைவு. சோப்ரானோ, அதாவது பெண்குரலில் மிக உயர்ந்த வகை. அதன் உச்ச பி-ஃப்ளாட் சுரத்தில் குரல்நாண்கள் நொடிக்கு 930 முறைக்கு மேல் திறந்து மூடுகின்றன. அந்த வேகத்தில், அவ்வளவு குறைந்த காற்றில், ஒரு முறைகூட ஒழுகாமல் நடத்துவது எவ்வளவு நுணுக்கமான காரியம் என்று நினைத்துப் பாருங்கள்.

இதிலிருந்து அடுத்த படி, மெலிதாக எடுத்த சுரத்தை அப்படியே பெருக்கி மறுபடியும் மெலிதாக்குவது. மெஸ்ஸா டி வோசே என்று பெயர். காற்றழுத்தம் கூடக் கூடச் சுருதி தானாக மேலே ஏறப் பார்க்கும். குறையும்போது கீழே சரியப் பார்க்கும். குரல்நாணை நீட்டும் தசை அதை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கபாயேயிடம் மெலிவும் பெருக்கமும் சேரும் தையல் எங்கே இருக்கிறது என்று தேடினாலும் கிடைக்காது.

மெலிந்த குரல் எப்படி ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்கிறது என்பது மைக்குக்குப் பழகிய நம் காதுக்கு வரும் நியாயமான கேள்வி. ஆர்கெஸ்ட்ராவின் ஓசை வலிமை பெரும்பாலும் 500 ஹெர்ட்ஸ் பக்கத்தில் குவிந்திருக்கும், மேலே போகப்போகக் குறையும். சோப்ரானோவின் உச்ச சுரமோ 900, 1,000 ஹெர்ட்ஸில் இருக்கிறது. வாயையும் தாடையையும் திறந்து, தொண்டையின் ஒத்ததிர்வை அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணுக்குப் பொருத்திவிட்டால், குறைந்த காற்றிலேயே ஓசை பெருகும். இதற்கு ஒரு விலையும் உண்டு. தாடை சுரத்துக்காகத் திறந்திருக்கும்போது உயிரெழுத்துகள் ஒன்றுபோல் ஒலிக்கும். கபாயேயின் உச்சரிப்பு தெளிவில்லை என்று விமர்சகர்கள் சொன்னது உண்மைதான். இயற்பியலுக்கு அதில் பாதிப் பங்கு. மீதி அவர் தேர்வு. சொல்லா, நாதமா என்று வந்தால் அவர் நாதத்தின் பக்கம் போனார். இன்னொரு பெரிய சோப்ரானோவான மரியா காலாஸ் சொல்லின் பக்கம் போனார். எனக்கு இருவருமே வேண்டும், ஆனால் ஒருவரைக் கொண்டு மற்றவரை அடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

படிப்பு முடிந்ததும் ஸ்பெயினில் கதவு திறக்கவில்லை. 1956இல் சுவிட்சர்லாந்தின் பாசல் ஆப்பராவில் சின்னச் சின்ன வேடங்களோடு சேர்ந்தார். ‘லா போஹேம்’ ஆப்பராவில் மிமி பாட வேண்டியவருக்கு உடல்நலமில்லாமல் போக, அந்த இடத்தில் பாடித்தான் கவனம் பெற்றார். பிறகு ஜெர்மனியின் பிரெமன். மோட்சார்ட், ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், புச்சினி, வெர்டி என்று பல ஆப்பராக்களை மாற்றி மாற்றிப் பாட வேண்டிய ரெப்பர்ட்டரி அரங்குகள் அவை. ஸ்ட்ராஸின் நீண்ட வாக்கியங்கள் மூச்சைச் சோதிக்கும், மோட்சார்ட் சுருதியைச் சோதிக்கும். 1962 ஜனவரியில்தான் சொந்த ஊரின் ஆப்பரா அரங்கான லிசேயு மேடையில், ஸ்ட்ராஸின் ‘அரபெல்லா’வில், முதன்முதலாகப் பாடினார்.

இதைச் சொல்வதற்குக் காரணம், 1965 ஏப்ரல் 20 இரவைப் பற்றி எல்லோரும் ஒரே இரவில் நடந்த அதிசயம் போல எழுதுவதுதான். நியூயார்க் கார்னகி ஹாலில், சுமார் 2,800 இருக்கைகள். டோனிட்செட்டியின் ‘லுக்ரேட்சியா போர்ஜா’ கச்சேரி வடிவில். பாட வேண்டியிருந்த மெரிலின் ஹார்ன் கர்ப்பமாக இருந்ததால் விலகினார். கபாயேவுக்குக் கிடைத்தது ஒரு மாதத்துக்கும் குறைவான அவகாசம். குரலின் அழகையும் நெளிவையும் முன்னிறுத்தும் பெல் கான்டோ வகை ஆப்பரா அவருக்கு அதுவே முதல் முறை. முடிந்ததும் 25 நிமிடம் கைதட்டல் ஓயவில்லை என்று பதிவுகள் சொல்கின்றன. அதே ஆண்டு டிசம்பரில் மெட்ரோபாலிடன் ஆப்பராவில் ‘ஃபாவுஸ்ட்’. அவருக்கு அப்போது வயது 32. பல வருடம் ஜெர்மன் பேசும் ஊர்களில் வேடம் வேடமாகப் பாடிப் பழகியவரால்தான் புது வேடத்தைச் சில வாரத்தில் பிடிக்க முடியும். அந்த இரவு அதிசயம் இல்லை, அறுவடை.

அவரை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? முதலில் 1972இல் பதிவான புச்சினியின் ‘துரான்தோத்’. நடத்தியவர் பம்பாயில் பிறந்த ஜூபின் மேத்தா. துரான்தோத்தாக ஜோன் சதர்லண்ட், காலாஃபாக பாவரொட்டி, அடிமைப் பெண் லியூவாகக் கபாயே. லியூவின் ‘சிஞ்ஞோரே, அஸ்கோல்தா’ இரண்டரை நிமிடம்தான். கடைசி பி-ஃப்ளாட்டுக்காக அதைக் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: ஆர்கெஸ்ட்ரா உரக்க வாசிக்கும் இடத்தில் ஒலி அளவைச் சரியாக வைத்துக்கொண்டு, பிறகு தொடாதீர்கள். மெலிந்த இடத்தில் ஒலியைக் கூட்டினால் அந்த வித்தையையே நாம் அழித்துவிடுகிறோம். அடுத்து ஜூலினி நடத்திய ‘டான் கார்லோ’வில் எலிசபெத்தா. மெலிதாகப் பாடுபவர் என்ற பெயர் மட்டும் போதாது என்று நினைப்பவர்களுக்கு லைன்ஸ்டார்ஃப் நடத்திய ‘சலோமே’ இருக்கிறது. அதில் கபாயே வேறொரு பெண்.

ஆனால் ஒன்றே ஒன்று பார்க்க நேரம் இருந்தால் 1974 ஜூலை, பிரான்ஸின் ஆராஞ்ச் ஊரில் பதிவான ‘நோர்மா’வைப் பாருங்கள். ரோமானியர் காலத்துத் திறந்தவெளி அரங்கம். பின்சுவர் 37 மீட்டர் உயரம். அன்று மிஸ்ட்ரல் எனப்படும் தெற்கு பிரான்ஸின் பலத்த காற்று சுழன்றடித்தது. காற்று இரண்டு வகையில் பாடகருக்கு எதிரி: தொண்டையை உலர்த்தும், தன் குரல் திரும்பித் தன் காதுக்கு வருவதைக் கலைக்கும். காது உதவாதபோது பாடகர் பதறி உரக்கப் பாடிவிடுவார், அப்புறம் மூச்சு போதாது. அந்த இரவில் உடையும் துணியும் பறக்க, கபாயே நோர்மாவின் ‘காஸ்தா தீவா’ பாடலை அவசரமே இல்லாமல் பாடுகிறார். காதை நம்பாமல் விலாவின் உணர்வை நம்பிப் பாடினால்தான் அது முடியும். கெம்மெனியின் பாடம் படமாகவே பதிவாகியிருப்பது அங்கேதான்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மெலிந்த உச்சத்துக்குக் கைதட்டல் நிச்சயம் என்று தெரிந்த பிறகு, எழுதிய இசை உரக்கக் கேட்கும் இடத்திலும் அவர் மெலிதாகப் போனது உண்டு. மேடை நடிப்பில் பல நாள் ஈடுபாடு குறைவு. 1977இல் சான் பிரான்சிஸ்கோவில் துரான்தோத் வேடத்தையே எடுத்தார், 1989இல் லிசேயுவில் வாக்னரின் இசோல்டே. வார்ப்பிலேயே மென்மையான குரலுக்கு இவை கனமான வேடங்கள். பிற்காலப் பதிவுகளில் உரத்த சுரங்கள் கடினமாகி, குரல்வளையில் அடித்துத் தொடங்குவது கேட்கிறது. மெலிந்த சுரங்கள் அப்படியே இருக்க, நடுவில் பாலம் இல்லாமல் போனது. நிகழ்ச்சிகளை ரத்து செய்பவர் என்ற பெயரும் இருந்தது. உடம்பு அவரைப் பலமுறை படுக்கவைத்தது என்பதால் அதை மட்டும் நான் குற்றமாக எடுப்பதில்லை. 2015இல் வரி ஏய்ப்பு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, நிறுத்திவைக்கப்பட்ட ஆறு மாதச் சிறைத்தண்டனையும் அபராதமும் பெற்றார். அதை மறைத்துப் புகழ்வது நேர்மையாகாது.

அதேபோல டெனர் (உயர்ந்த ஆண்குரல்) பாடகர் ஹோசே கரேராஸை மறந்து அவரைப் பற்றி எழுதக் கூடாது. 1970இல் லிசேயுவின் ‘நோர்மா’வில் ஃப்ளாவியோ என்ற சின்ன வேடத்தில் இருந்த இளைஞனின் குரலை அடையாளம் கண்டு, தன்னோடு முக்கிய வேடத்தில் பாட வைத்தார். கபாயேயின் தம்பி கார்லோஸ் கரேராஸின் மேலாளரானார். மூவர் டெனர் கச்சேரிகளில் உலகம் பார்த்த கரேராஸ் அப்படித் தொடங்கியவர்.

ஃப்ரெடி விஷயத்துக்கு வருகிறேன். சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்து, மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் பள்ளி படித்தவர். லண்டனில் பாவரொட்டியைக் கேட்கப் போய்க் கபாயேயிடம் மயங்கியவர். 1987 மார்ச்சில் பார்சலோனாவின் ஒரு ஹோட்டலில் சந்தித்தார்கள். அந்த வருடமே ‘பார்சலோனா’ தனிப் பாடலாக வெளிவந்தது, 1988 அக்டோபரில் ஆல்பம். கபாயேயின் நாட்காட்டி நிறைந்திருந்ததால் ஃப்ரெடி அவருடைய பகுதியையும் தானே கள்ளக்குரலில் பாடி, வழிகாட்டிப் பதிவாக அனுப்பினார். 1991 நவம்பர் 24இல் ஃப்ரெடி இறந்தார். எட்டு மாதம் கழித்துத்தான் பார்சலோனா ஒலிம்பிக். பாட்டு எனக்குப் பிடிக்கும். ஆனால் அதன் மூலப் பதிவில் ஆர்கெஸ்ட்ராவின் பெரும்பகுதி சின்தசைசர். இரண்டு குரலும் மைக்குக்கு நெருக்கமாகப் பதிவானவை. கபாயேயின் குரல் ஒரு கூடத்தின் காற்றை எப்படி நிரப்பும் என்பது அதில் தெரிய வழியே இல்லை. முழு ஆர்கெஸ்ட்ரா சேர்த்து 2012இல் வந்த பதிப்பு எவ்வளவோ மேல்.

2018 அக்டோபர் 6 அன்று, 85 வயதில், பார்சலோனாவிலேயே காலமானார்.

பாடிப் பழகும் பிள்ளைகளுக்கு ஒரு எச்சரிக்கை மட்டும். அவரைக் கேட்டுவிட்டு நேராக உச்ச சுரத்தில் மெலிதாக முயலாதீர்கள். நடு ஸ்தாயியில், வசதியான ஒரே சுரத்தில், நடுத்தர அளவில் தொடங்கி மெல்ல மட்டும் குறையுங்கள். நாலைந்து நொடி போதும். ஸ்ருதிப் பெட்டி பக்கத்தில் இருக்கட்டும். சுருதி சரிகிற நொடியில் நிறுத்திவிட்டு மறுபடி மூச்செடுங்கள். குறைப்பது கைவந்த பிறகே பெருக்குவது, அதற்கும் பிறகே அரை அரைச் சுரமாக மேலே போவது. தொண்டையில் அரிப்போ இறுக்கமோ தெரிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். பிழை தொண்டையில் இல்லை, விலாவைப் பாருங்கள்.