ஒருவர்கூட எதிர்க்கவில்லையா?

வேலூர், குடியாத்தம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி பரவுகிறது: "2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவில் போரை ஒருவர்கூட எதிர்க்கவில்லை, இங்கேதான் துரோகிகள் கேள்வி கேட்கிறார்கள்."

இது பொய். தாக்குதல் நடந்த மூன்றாம் நாளே, செப்டம்பர் 14 அன்று, படைபலத்தைப் பயன்படுத்தும் தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 420 பேர் ஆதரித்தார்கள். கலிபோர்னியா உறுப்பினர் பார்பரா லீ தன்னந்தனியாக எதிர்த்து வாக்களித்தார். கொலை மிரட்டல்கள் வந்தன. 2002 தேர்தலில் தொகுதி மக்கள் அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் ஈராக் போர்த் தீர்மானத்தை 133 பிரதிநிதிகளும் 23 செனட்டர்களும் எதிர்த்தார்கள். அந்தப் போருக்குக் காரணமாக, ஈராக்கில் இருப்பதாகச் சொல்லப்பட்ட பேரழிவு ஆயுதக் குவியல் அங்கே கிடைக்கவேயில்லை.

கம்மவான்பேட்டை போலப் படைவீரர் குடும்பங்கள் நிறைந்த ஊர்கள் நம் பகுதியில் உண்டு. போர் என்றால் போகப்போவது அவர்கள் பிள்ளைகள். காரணம் கேட்பவரைத் துரோகி என்பது அநியாயம். செய்தியை அனுப்பியவருக்கு இந்த எண்களைத் திருப்பி அனுப்புங்கள்.