அரசன் போனான், படை யார் கையில்?

முடியாட்சிக்கு எதிரான புரட்சி என்றாலே பேச்சு பாஸ்டில் சிறைக்கும் தலைவெட்டும் கில்லட்டின் இயந்திரத்துக்கும் போய்விடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி வேறு. அரசன் போன பிறகு படைக்குச் சம்பளம் கொடுத்தது யார், உத்தரவு போட்டது யார்?

இங்கிலாந்தில் 1649 ஜனவரி 30 அன்று முதலாம் சார்லஸின் தலையை வெட்டினார்கள். 1653 ஏப்ரலில் படைத் தளபதி கிராம்வெல் துப்பாக்கி வீரர்களைக் கூட்டி வந்து நாடாளுமன்ற உறுப்பினர்களையே விரட்டிவிட்டார். பிரான்சிலும் அதே கூத்துதான். 1793இல் பதினாறாம் லூயியின் தலை போனது. 1799 நவம்பரில் நெப்போலியனின் சிப்பாய்கள் சட்டமன்றத்தின் கீழவையான ஐந்நூற்றுவர் மன்றத்தைக் காலி செய்தார்கள். ரஷ்யாவில் 1918 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபை கூடியது ஒரே ஒரு முறை. தேர்தலில், ஆட்சியைப் பிடித்திருந்த லெனினின் போல்ஷெவிக் கட்சிக்குக் கிடைத்தது சுமார் கால்வாசி ஓட்டு. விடிவதற்குள் காவலுக்குப் பொறுப்பான மாலுமி வந்து, காவலர்கள் களைத்துவிட்டார்கள், கிளம்புங்கள் என்றார். அதற்குப் பிறகு சபை கூடவே இல்லை.

இடையில் முடியாட்சி திரும்பிவிட்ட இங்கிலாந்து தன் தவற்றைத் திருத்திக்கொண்டது 1689இல். நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் வரி கிடையாது, சமாதான காலத்தில் நிலையான படையும் கிடையாது என்று உரிமைச் சட்டம் சொன்னது. இதை எல்லோரும் சொல்வார்கள். அதே வருடம் வந்த கலகச் சட்டத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. கலகம் செய்த, படையைவிட்டு ஓடிய சிப்பாயை ராணுவ நீதிமன்றம் தண்டிக்க அனுமதித்த சட்டம் அது. முதல் தடவை சில மாதங்களுக்கு மட்டுமே கொடுத்தார்கள். பிறகு வருடா வருடம் புதுப்பிப்பது வழக்கமானது. காலாவதியானால் சமாதான காலத்தில் படையைக் கட்டுக்குள் வைக்கச் சட்டபூர்வமான வழி இல்லை. சபையைக் கூட்டாமல் அரசனால் காலம் தள்ள முடியாமல் போனதற்கு இது ஒரு பெரிய காரணம். படைக்கான பணத்தை ஒரே நேரத்தில் இரண்டு வருடங்களுக்கு மேல் ஒதுக்கக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சட்டம் சொல்வதும் இதே பயத்தில்தான்.

அதற்காக 1689ஐ ஜனநாயகம் என்று கொண்டாட மாட்டேன். ஓட்டு இருந்தது சொத்துள்ள ஒரு சிறு கூட்டத்துக்கு. பிறப்பால் யாரும் உயர்ந்தவரில்லை, அதிகாரத்தின் ஊற்று தேசம்தான் என்று உரக்கச் சொன்னது 1789 ஆகஸ்ட் மாதத்துப் பிரெஞ்சுப் பிரகடனம். ஆனால் படையை அடக்கும் கயிறு அவர்கள் கையில் நிற்கவில்லை. 1792இல் தொடங்கிய போர் நீள நீள, தளபதிகளின் கை ஓங்கிக்கொண்டே போனது.

நேபாளம் வரிசையைச் சரியாகப் பிடித்தது. 2006 மே 18 அன்று நாடாளுமன்றம் படையின் பெயரிலிருந்து ‘ராஜ’ பட்டத்தை எடுத்தது, படைத் தலைமையிலிருந்து அரசரை நீக்கியது, அவருடைய சொத்துக்கும் வரி போட்டது. குடியரசு என்று அறிவித்தது 2008 மே 28இல்தான். மன்னராக இருந்த ஞானேந்திரா அரண்மனையைவிட்டு வெளியேறியபோது அவருக்குக் கட்டளையிட ஒரு படைப்பிரிவுகூட இல்லை.