தெனாலிக்கு முதலிடமா?

இலங்கைத் தமிழர் வரும் படங்களைப் பற்றிய உங்கள் பட்டியலில் 'தெனாலி'யை முதலாவதாகவும் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தை அடுத்ததாகவும் வைத்திருக்கிறீர்கள். என் வரிசை வேறு.

2000இல் வந்த 'தெனாலி'யில் கமலின் நடிப்பை நானும் ரசித்தேன். சிரித்துவிட்டு எழும்பலாம், அவ்வளவுதான். ஆனால் 2002இல் வந்த மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' படத்தின் கடைசிக் காட்சி அப்படி விடாது. தத்துக் கொடுக்கப்பட்ட சிறுமி அமுதா, பெற்ற தாய் சியாமாவுக்கு முன்னால் நின்று கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள். சியாமாவால் பதில் சொல்ல முடியவில்லை. சியாமாவாக வரும் நந்திதா தாஸ் பெரிதாக வசனம் எதுவும் பேசுவதில்லை, முகம் மட்டும் உடைகிறது. எங்கட பக்கத்தில் பிள்ளையைப் பிரிந்த தாய்மார் எத்தனை பேர்! அவர்களோடு இருந்து அந்தக் காட்சியைப் பார்க்கவே ஏலாது. எனக்கு அதுதான் முதலிடம்.

இரண்டாவது, 2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி'. அடுத்த வீட்டாரோடு பேசாமல் கிடந்த ஒரு தெருவையே, புதிதாகக் குடிவந்த குடும்பம் பேச வைக்கிறது. எங்கட சனத்தைப் பரிதாபத்துக்குரியவர்களாக மட்டும் காட்டாத படம் என்பதாலேயே பிடித்தது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. இலங்கைத் தமிழர் என்றால் சென்னை சினிமாவுக்கு யாழ்ப்பாணப் பேச்சுதான். மட்டக்களப்பின் வடமோடி, தென்மோடிக் கூத்து, வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில் குளிர்த்திச் சடங்கு, இரவில் வாவியில் தோணி விடும் மீனவர், அம்பாறை வயல்வெளி, அடுத்தடுத்து இருக்கும் தமிழ், முஸ்லிம் ஊர்கள் என்று இங்கே ஒரு படத்துக்குத் தேவையான எல்லாம் இருக்கிறது. மட்டக்களப்பு வாவிக்கு மேலுள்ள கல்லடிப் பாலத்தில் நின்று பார்க்கும் எந்த இயக்குனருக்கும் கமெராவை எங்கே வைப்பது என்று சொல்லித்தரத் தேவையில்லை. ஒருமுறை வந்து பார்க்கட்டும்.