நாங்கள் எதிர்ப்பது அவருடைய ஜெபத்தை அல்ல

2020இல் அதிபர் டிரம்ப் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு முன்மொழிந்த ஏமி கோனி பாரெட்டை எதிர்த்து, கடவுள் நம்பிக்கை இல்லாத எங்கள் மனிதநேயர் குழு வெளியிட்ட அரைப்பக்க அறிக்கைக்கு இத்தனை வசையா? அது வெளியானதிலிருந்து ஒரே கேள்வி: "கத்தோலிக்கர் என்பதால்தானே ஏமி கோனி பாரெட்டை எதிர்க்கிறீர்கள்?" இல்லை. தயவுசெய்து படித்துவிட்டுத் திட்டுங்கள். அவர் எந்தத் தேவாலயத்துக்குப் போகிறார், அவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று அதில் ஒரு சொல்லும் கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் அவர் எழுதும் தீர்ப்புகள் எங்களை என்ன செய்யும் என்பதுதான் எங்கள் கவலை.

பதவிக்கு மதச் சோதனை கூடாது என்று அரசியலமைப்பின் 6ஆம் பிரிவை எங்களுக்கே பாடம் எடுக்கிறார்கள். அந்தச் சோதனையில் அடிபட்டவர்கள் யார்? நாங்கள் வாழும் இதே மேரிலாந்து மாநிலத்தில் ராய் டொர்காசோ நோட்டரியாக நியமிக்கப்பட்டும், கடவுளை நம்புவதாகச் சொல்ல மறுத்ததால் அவருக்குப் பணியாணை தரவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய், 1961இல்தான் நியாயம் கிடைத்தது.

எனக்கும் ஒரு நாள் மறக்கவில்லை. குடியுரிமை உறுதிமொழியின் கடைசியில் கடவுளைத் துணைக்கு அழைக்கும் வரியை விட்டுவிடச் சட்டம் இடம் தருகிறது. விட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்மணி அதைக் கவனித்திருக்கிறார். வெளியே வந்ததும், "அப்படியானால் உங்கள் சத்தியத்தை எதை வைத்து நம்புவது?" என்று கேட்டார். கையில் சின்னக் கொடியோடு என் மகள் பக்கத்திலேயே நின்றாள். எனக்கு வாய் எழவில்லை.

தகுதியானவர்தானே என்கிறீர்கள். தகுதியானவர்தான். யார் மறுத்தது?

"தொண்டு செய்யுங்கள், அரசியல் எதற்கு?" என்பதுதான் அதிகம் வலிக்கிறது. கொரோனா காலத்தில் வீடு வீடாக அரிசி மூட்டை இறக்கியபோது எங்கள் நம்பிக்கையை யாரும் விசாரிக்கவில்லை. வாய் திறந்ததும் மத விரோதிகள் ஆகிவிட்டோம்.

2016இல் தேர்தலுக்கு எட்டு மாதம் இருக்கும்போது அதே நீதிமன்றத்துக்கு அதிபர் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை, மக்கள் தீர்ப்புக்குப் பிறகு பார்க்கலாம் என்று செனட் சபை நியமன விசாரணைக்கே அழைக்கவில்லை. 2020இலோ பல மாநிலங்களில் வாக்குப்பதிவே தொடங்கிவிட்டிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 18 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். 26ஆம் தேதியே அடுத்தவரை அறிவித்துவிட்டார்கள். எட்டு நாள்! துக்கம் கேட்டு முடிக்கக்கூடப் போதாது.

கின்ஸ்பர்க் யார் தெரியுமா எங்களுக்கு? எங்கள் மாநிலத்தின் பிளேடன்ஸ்பர்கில் அரசு நிலத்தில், பொதுப் பணத்தில் பராமரிக்கப்படும் 40 அடிச் சிலுவை இருக்கிறது, போர் நினைவுச்சின்னமாக. அது அங்கேயே இருக்கலாம் என்று 2019இல் ஏழு நீதிபதிகள் சொன்னார்கள். மறுத்தவர்கள் இரண்டே பேர். பிற மதத்து வீரர்களுக்குச் சிலுவை எப்படி நினைவுச்சின்னமாகும் என்று கேட்டு எழுதியவர் கின்ஸ்பர்க். அந்தச் சாலையில் போகும்போதெல்லாம், நம்மையும் கணக்கில் எடுத்துக்கொள்ள அங்கே இருவர் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது ஒருவர்தான்.

கின்ஸ்பர்கின் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்று நாங்கள் கேட்கவே கூடாதா? பாரெட்டின் நம்பிக்கை அவருடையது. அதில் எங்களுக்கு வேலையில்லை. தீர்ப்பு எல்லோருக்குமானது.

அறிக்கையைத் திரும்பப் பெறச் சொல்லிக் கேட்டவர்களுக்கு: பெற மாட்டோம். கீழே இருக்கும் கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்று.