ரிப்போர்ட் நார்மலாம்

வயித்து வலின்னு போன சித்திகிட்ட, ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பாத்துட்டு டாக்டர் சொன்னது. அந்த ஒரு வரிதான் இன்னும் காதுல நிக்குது. "ரிப்போர்ட் எல்லாம் நார்மல்மா, வீட்டுல ஏதாவது டென்ஷனா?" 8 மாசமா வயித்துல என்னமோ பண்ணுதுன்னு சொல்ற மனுஷி, 6 கிலோ எறங்கியிருக்காங்க, சாயங்காலமானா உடம்பு லேசா கொதிக்குது, அதைக் கேக்கக்கூட இல்ல. டென்ஷனாம்.

ஸ்கேன் நார்மல்னா ஸ்கேன்ல தெரியுற எதுவும் இல்லன்னு அர்த்தம். அவ்ளோதான். பித்தப்பைக் கல்லு இருந்தா காட்டும். குடலுக்குள்ள புண்ணு இருந்தா பல நேரம் தெரியாது. நம்ம ஊர்ல குடல் டிபி ஒண்ணும் அபூர்வம் இல்ல, சளி இருமல் இல்லாமலே வரும், கொலனோஸ்கோப்பி போட்டு (குடலுக்குள்ள கேமரா விட்டு) சதை எடுத்துப் பாத்தாத்தான் பல பேருக்குத் தெரியவே வரும். சித்திக்கு அதுதான்னு சொல்லல, நான் டாக்டர் இல்ல. கேட்டாங்களான்னுதான் கேக்கறேன்.

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னா, அம்மா. 3 வருஷம், தொப்புளுக்கு வலது பக்கம் கொஞ்சம் தள்ளி ஒரே எடத்துல வலி. கேஸ்னாங்க. பெருங்காய மோர், ஓமத் தண்ணி, சோடா, வெறும் வயித்துல பான்டோபிரசோல்ங்கற அசிடிட்டி மாத்திரை, 3 ஸ்கேன் (ஒவ்வொரு தடவையும் வயிறு முட்ட தண்ணி குடிச்சிட்டு பாத்ரூமும் போக முடியாம டோக்கனைப் பிடிச்சிட்டு உக்காந்திருப்பாங்க), ஒரு எண்டோஸ்கோப்பி. எல்லாம் நார்மல். கடைசியில ஒரு வயசான சர்ஜன், ஃபைலைத் திறக்கவே இல்ல, "எங்கம்மா வலிக்குது, ஒத்த விரலால காட்டுங்க"ன்னார். காட்டின எடத்துல விரலை வெச்சு அழுத்திக்கிட்டே "தலையை மட்டும் தூக்குங்க"ன்னார். அம்மா கத்திட்டாங்க. உள்ள இருக்கற வலின்னா வயித்துத் தசை இறுகும்போது கொறையுமாம், கூடினா வயித்துச் சுவர்லயே இருக்குன்னு அர்த்தமாம். தசை நடுவுல ஒரு நரம்பு மாட்டியிருந்திருக்கு. அங்கயே மரத்துப்போற ஊசி போட்டார், கொஞ்ச நேரத்துல அம்மா எந்திரிச்சு உக்காந்து வயித்தைத் தடவித் தடவிப் பாக்கறாங்க, நம்பவே இல்ல. 1926லயே கார்னெட்னு ஒரு அமெரிக்க சர்ஜன் எழுதி வெச்ச சோதனை இது. மெஷின் வேணாம், கரண்ட் வேணாம், ஒரு விரல்.

"டாக்டருங்களுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேஷண்ட் தெரியுமா"ன்னு வருவீங்க. தெரியும், நியாயம்தான். டென்ஷனான்னு கேக்க இருந்த நேரத்துல காய்ச்சல் அடிக்குதான்னு கேட்டிருக்கலாம்ல? அம்மாவுக்குக் கண்டுபிடிச்சதும் டாக்டர்தான், அதனால டாக்டர்களுக்கு எதிரான்னு ஆரம்பிக்காதீங்க. "மனசால வயித்து வலி வராதா?" வரும்ங்க. ஐபிஎஸ் (IBS)னு ஒரு குடல் பிரச்சனை இருக்கு, குடலும் மூளையும் பேசிக்கிறதுல கோளாறு, வலி நிஜம், நடிப்பு இல்ல, அதுக்கும் வைத்தியம் இருக்கு. அதையும் கேட்டுப் பாத்துதான் சொல்லணும், எதுவும் சிக்கலன்னா கடைசியில ஒட்டி அனுப்ப அது என்ன ஸ்டிக்கரா? அல்சரையும் டென்ஷன், காரம்னுதான் சொல்லிட்டிருந்தாங்க. அது கிருமியாலன்னு நம்ப வைக்க 1984ல பேரி மார்ஷல்னு ஒரு ஆஸ்திரேலிய டாக்டர் அந்தக் கிருமியைக் கரைச்சு தானே குடிச்சுக் காட்ட வேண்டியிருந்துச்சு, 2005ல நோபல் குடுத்தாங்க. சித்தி என்னத்தைக் குடிச்சுக் காட்டணும்?

இதே சித்தப்பா போயிருந்தா வீட்டுல டென்ஷனான்னு கேட்டிருப்பாங்களா? சரி, அவங்களை மட்டும் சொல்லி என்ன. அந்த 3 வருஷத்துல "வாக்கிங் போம்மா, சரியாயிடும்"னு மொபைல்லருந்து தலையைத் தூக்காம எத்தனை தடவை சொல்லியிருப்பேன் நான். அப்புறம் அம்மா சொல்றதையே நிறுத்திட்டாங்க. சமையல் மேடையைப் பிடிச்சிட்டு நிப்பாங்க, யாராவது வந்தா குக்கர் விசில் எண்ற மாதிரி.

வியாழக்கிழமை வேற டாக்டர். ஒரு நோட்டு போட்டிருக்கேன். வலி சாப்பிடறதுக்கு முன்னாடியா பின்னாடியா, நைட்டு தூக்கத்துல எழுப்புதா, எடை, தினம் சாயங்காலம் தெர்மாமீட்டர். நேத்து 99.8. நான் எழுதறதையே பாத்துட்டிருந்த சித்தி, "இவ்ளோ சொன்னா அவங்க திட்ட மாட்டாங்களா?"ன்னு கேக்கறாங்க.