கோப்பு அவனுக்கு, கூட்டக் குறிப்பு எனக்கா?

எங்கள் வங்கியில் கடன் ஒப்புதல் குழு கூடும்போதெல்லாம் தலைவர் ஒரு கேள்வி கேட்பார். "இன்று குறிப்பு எடுப்பது யார்?" கேட்டுக்கொண்டே அவர் பார்ப்பது மேசையில் இருக்கும் பெண்களைத்தான். நான் பட்டயக் கணக்காளர். பட்டப்படிப்பு, அதற்கு மேல் ஓராண்டு, மூன்றாண்டுப் பயிற்சி ஒப்பந்தம், இரண்டு தகுதித் தேர்வுகள் என்று தென்னாப்பிரிக்காவில் அந்தத் தகுதிக்கு என்னென்ன கேட்கிறார்களோ அத்தனையையும் முடித்துவிட்டுத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தகுதி இல்லாத ஆண்கள் அதே மேசையில் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரும் குறிப்பேட்டை நகர்த்துவதில்லை.

"இது ஒரு சின்ன விஷயம், இதைப் போய்ப் பெரிதாக்குகிறாயே" என்று சொல்பவர்களுக்குச் சொல்கிறேன், இது சின்ன விஷயம் இல்லை. குறிப்பு எடுப்பவள் வாதாட முடியாது. அடமானச் சொத்தின் மதிப்பு பழையது என்று நான் கையை உயர்த்துவதற்குள், முந்தைய ஆள் சொன்னதை எழுதி முடிக்க வேண்டும். எழுதி முடித்துத் தலையை நிமிர்த்தினால் முடிவு எடுத்தாகிவிட்டது. வருடக் கடைசியில் மதிப்பீட்டுப் படிவத்தில் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? "கூட்டங்களில் இன்னும் துணிந்து பேச வேண்டும்." வாயைக் கட்டிப்போட்டவர்களே ஏன் பேசவில்லை என்று கேட்கிறார்கள். எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். நிதித் துறையில் பெண்கள் பின்தங்குவதற்குக் காரணம் எங்கள் தன்னம்பிக்கைக் குறைவு அல்ல. யார் கையில் எந்த வேலை கொடுக்கப்படுகிறது என்பதுதான் காரணம். பெயர் வாங்கித் தரும் கோப்பு ஒரு பக்கம் போகிறது. கணக்கு சரிபார்ப்பது, தணிக்கையாளர் கேள்விகளுக்குப் பதில் தயாரிப்பது, புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது, யாராவது ஓய்வு பெற்றால் கேக் வாங்கி அட்டையில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவது எல்லாம் இன்னொரு பக்கம் வந்து குவிகின்றன. அந்த வேலைகள் நின்றுபோனால் ஒரே வாரத்தில் அலுவலகம் தத்தளிக்கும். ஆனால் அவற்றைச் செய்ததற்காக யாரும் யாரையும் மேலாளர் ஆக்கியதில்லை.

ஒரு கோப்பைப் பற்றிச் சொல்கிறேன். 2022 அக்டோபரில் டோங்காட் ஹியூலெட் சர்க்கரை நிறுவனம் நொடித்து, கடனில் மூழ்கிய நிறுவனத்தை மூடாமல் காப்பாற்றப் பார்க்கும் வணிக மீட்பு நடவடிக்கைக்குள் போனது. டர்பனுக்கு வடக்கே கடலோரமாகக் கரும்பு பயிரிடும் குடும்பங்கள் ஆலைக்கு அனுப்பிய கரும்புக்குப் பணம் வருமா வராதா என்று தவித்தன. அவர்களுக்குக் கடன் கொடுத்திருந்தவர்களுக்கும் அதே தவிப்பு. எங்கள் கிளையில் அப்படி ஒரு குடும்பத்தின் கடன் கோப்பு என் மேசைக்கு வந்தது. யாரும் தொட விரும்பாததால் வந்தது. அவர்களுடைய பணப்புழக்கத்தை மாதம் மாதமாகப் பிரித்து எழுதினேன். எந்த வயல் எப்போது வெட்டுக்கு வரும், உரத்துக்கும் டீசலுக்கும் கூலிக்கும் என்ன செலவு, கரும்பை வேறு ஆலைக்கு ஏற்றிப்போனால் லாரி வாடகை எவ்வளவு கூடும் என்று நேரில் போய் வரப்பில் நின்று கேட்டுக் குறித்துக்கொண்டேன். தவணையை அறுவடைக் காலத்தோடு பொருத்தி மாற்றி அமைக்கலாம் என்று திட்டம் போட்டுக் கொடுத்ததும் நான். குழு ஏற்றது. குடும்பம் கடனைக் கட்டத் தொடங்கியது. நல்ல கோப்பு என்று பெயர் வந்ததும் அது என் கையை விட்டுப் போனது. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஒருவனிடம் கொடுத்துவிட்டார்கள். காரணம் கேட்டேன். "வாடிக்கையாளர் அவனோடு இயல்பாகப் பழகுகிறார், ரக்பி பேசுகிறார்கள்" என்றார்கள். அந்த ஆண்டு போனஸ் அவனுக்கு. எனக்குப் படிவத்தில் ஒரு வரி: "பின்னணியிலிருந்து நன்றாக ஒத்துழைத்தார்." பின்னணியிலா? அந்த வரப்பில் நின்றது யார்?

பழகுவது என்றதும் கோல்ஃப் நினைவுக்கு வருகிறது. வாடிக்கையாளர்களுக்காக நடத்தும் கோல்ஃப் நாளில் பெண் ஊழியர்களுக்கு என்ன இடம்? நுழைவாயிலில் மேசை போட்டு, பெயர்ப் பட்டியலில் டிக் அடித்து, தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் நீட்டும் இடம். ஆண்கள் நான்கு நான்கு பேராக மைதானத்துக்குள் நடந்துவிடுவார்கள். அந்த நான்கைந்து மணி நேர நடையில்தான் அடுத்த கிடங்கு யார் கட்டப்போகிறார், யாருக்கு எவ்வளவு கடன் வேண்டும் என்பதெல்லாம் பேசப்படுகிறது. திங்கட்கிழமை அது "அவன் கொண்டுவந்த வியாபாரம்" ஆகிவிடும். என்னையும் உள்ளே நடக்க விட்டிருந்தால் நானும் கொண்டுவந்திருப்பேன்.

ஆகஸ்ட் மாதம் வந்தால் கோபம் இரட்டிப்பாகிறது. 1956 ஆகஸ்ட் 9 அன்று இருபதாயிரம் பெண்கள் கறுப்பின மக்கள் எப்போதும் அனுமதிப் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்ற பாஸ் சட்டத்தை எதிர்த்துப் பிரிட்டோரியாவில் அரசின் தலைமையிடமான யூனியன் கட்டடத்துக்கு ஊர்வலம் போனார்கள். முதுகில் குழந்தையோடு போனவர்கள் உண்டு. உரிமை கேட்டுப் போன, இன்று இங்கே மகளிர் தினமாக இருக்கும் அந்த நாளை அலுவலகங்களில் எப்படிக் கொண்டாடுகிறார்கள்? ஆளுக்கொரு ரோஜாப்பூ. பிறகு தன்னம்பிக்கைப் பயிலரங்கு. எப்படி உட்கார வேண்டும், குரலை எப்படித் தாழ்த்த வேண்டும், "மன்னிக்கவும்" என்று எத்தனை முறை சொல்லக் கூடாது என்று வெளியிலிருந்து ஒருவரை வரவழைத்து எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்கள். கோப்புகளைப் பங்கிடுகிற மேலாளர் அந்த அறைக்குள் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. திருத்த வேண்டியது அவரை. அவரை விட்டுவிட்டு எங்களைத் திருத்தினால் எது மாறும்?

வாய் திறந்தால் உடனே பெயர்களை அடுக்குவார்கள். கில் மார்கஸ் 2009இல் தென்னாப்பிரிக்க ரிசர்வ் வங்கியின் முதல் பெண் ஆளுநர் ஆகவில்லையா? அதே ஆண்டு மரியா ராமோஸ் அப்சா வங்கிக் குழுமத்தின் தலைமைக்கு வரவில்லையா? நிக்கி நியூட்டன் கிங் 2012இல் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தைக்குத் தலைமை ஏற்கவில்லையா? 2024இல் மேரி விலகாஸி ஃபர்ஸ்ட்ராண்ட் வங்கிக் குழுமத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆகிவிட்டாரே? எல்லாம் உண்மை. அவர்கள் மீது எனக்குப் பெரும் மரியாதை. ஆனால் உச்சியில் சில பெயர்கள் இருப்பதைக் காட்டி நடுவில் மாட்டிக்கொண்டிருப்பவளின் வாயை அடைப்பது அநியாயம். டர்பனில் நம்மவர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் எத்தனை பெண்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரியாகக் கணக்கியல் படித்து வருகிறார்கள்! பத்து ஆண்டு கழித்துப் பார்த்தால் அதே நடு மேசையில் இருக்கிறார்கள். அறிவுரை சொல்ல ஆயிரம் பேர் வருகிறார்கள். கதவு மூடிய அறையில் பதவி உயர்வுப் பட்டியல் போடும்போது "இவளுக்குக் கொடுங்கள், நான் பொறுப்பு" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவரைத்தான் காணோம்.

குழந்தை பெற்றால் என்ன நடக்கிறது என்பதையும் எழுதத்தான் வேண்டும். சட்டப்படி நான்கு மாதப் பேறுகால விடுப்பு உண்டு. ஆனால் அந்த மாதங்களுக்குச் சம்பளம் கொடுக்க முதலாளிக்குச் சட்டக் கட்டாயம் இல்லை. வேலையின்மைக் காப்பீட்டு நிதி சம்பளத்தில் 66 சதவீதம் தரும். அதுவும் மாதம் 17,712 ராண்ட் வரைதான் கணக்கில் எடுக்கும், அதற்கு மேல் சம்பாதித்தது சேராது. வீட்டுக் கடன் தவணைக்கு அப்படி உச்சவரம்பு எதுவும் இல்லையே! விடுப்பு முடிந்து திரும்பினால் உங்கள் வாடிக்கையாளர்கள் வேறொருவர் பெயரில் இருப்பார்கள். என் தோழிக்கு அப்படித்தான் நடந்தது. "உன் நன்மைக்காகத்தான், சுமை குறையட்டும் என்று" என்றார்களாம். சுமையைக் குறைக்கச் சொல்லி அவள் கேட்டாளா? 2025 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் பெற்றோர் இருவருமே விடுப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்று தீர்ப்பளித்தது. வரவேற்கிறேன். இனி ஆண்களும் இரண்டு மாதம் விடுப்பில் போய்விட்டு வரட்டும். அவர்களுடைய கோப்புகளையும் பிடுங்கிக்கொள்கிறார்களா என்று பார்க்கிறேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும் நாளில் மாமி கேட்கிறார், "வங்கி வேலைதானே, நான்கு மணிக்கு வந்துவிடலாமே?" மாமியின் மகனிடம் அந்தக் கேள்வி இல்லை. அவர் ஏழு மணிக்கு வந்தால் உழைப்பாளி.

இனிச் சம்பளம். 1860இல் கரும்பு வெட்ட நம் முன்னோரை நேட்டாலுக்குக் கப்பலில் கொண்டுவந்தபோது முதலாண்டில் ஆணுக்கு மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. என் ஆயாவின் பாட்டி அந்தப் பாதிக்கூலி வாங்கியவர். இன்றைய சட்டம் அப்படி இல்லை. வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6(4) பிரிவு 2014 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரே முதலாளியிடம் அதே வேலையோ சம மதிப்புள்ள வேலையோ செய்பவர்களுக்குப் பாலினத்தைக் காட்டிச் சம்பளத்தில் வேறுபாடு காட்டுவது நியாயமற்ற பாகுபாடு என்கிறது அது. இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்கவே "சம்பளத்தைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது" என்று எங்களைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 78ஆம் பிரிவைப் படியுங்கள். உங்கள் வேலை நிபந்தனைகளை உடன் வேலை செய்பவரிடம் பேச உங்களுக்கு உரிமை இருக்கிறது. சம்பளமும் அதில் அடங்கும்.

அதனால் பேசுங்கள் தங்கைகளே. பக்கத்து மேசைக்காரனிடம் எவ்வளவு வாங்குகிறான் என்று நேராகக் கேளுங்கள். யாருக்கு எந்தக் கோப்பு போனது, யார் குறிப்பு எடுத்தார்கள் என்று தேதி போட்டு எழுதி வையுங்கள். கோப்பை உங்களிடமிருந்து எடுத்தால் காரணத்தை மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சோடு விடாதீர்கள். குறிப்பு எடுப்பதைச் சுழற்சி முறையில் வைக்கச் சொல்லுங்கள். நான் சொன்னேன், முகம் சுளித்தார்கள், ஆனாலும் போன மாதம் முதன்முறையாக ஓர் ஆண் குறிப்பு எடுத்தார். சம்பளத்தில் பாகுபாடு என்று உறுதியானால் சி.சி.எம்.ஏ. என்னும் சமரச ஆணையத்துக்குப் போகலாம். புகார் பதிவுக்குக் கட்டணம் இல்லை. ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். தாமதித்தால், ஏன் தாமதம் என்று முதலில் அதற்கு வாதாட வேண்டியிருக்கும்.