வரவுப் பக்கத்தில ரெண்டு சம்பளம் மட்டும்

கலியாணம் கட்டி முதல் வீட்டுக்கு கணக்குப் போடுற பிள்ளையளுக்கு நான் சொல்லுறது ஒண்டுதான், வரவு எண்ட பக்கத்தில உங்கட ரெண்டு பேரின்ர சம்பளத்தை மட்டும் எழுதுங்கோ. கனடா மாமா தருவார், சுவிஸ் அக்கா பாத்துக்கொள்ளுவா எண்டு வாயால சொன்னதை அதில சேக்காதேங்கோ. அவை மனசாரத்தான் சொல்லியிருப்பினம், ஆனா அங்க அவைக்கும் வீட்டுக்கடன் இருக்குது, வேலை போகலாம், பிறகு இஞ்ச அத்திவாரத்தோட நிக்கிற வீட்டாலயே ரெண்டு குடும்பமும் முகம் பாக்காமல் போயிடும். காசு வந்த அண்டைக்கு சேத்துக்கொள்ளலாம் தானே.

யாழ்ப்பாணத்தில நல்லூர், திருநெல்வேலிப் பக்கம் காணியின்ர பரப்பு விலையை ஏத்தி வச்சிருக்கிறது வெளிநாட்டுக் காசு, அதோட இஞ்சத்தைய சம்பளம் போட்டி போட ஏலாது. ரவுனை விட்டுத் தள்ளிப் பாருங்கோ, ஆனா கிணத்துத் தண்ணியைப் பாக்காமல் அட்வான்ஸ் குடுக்காதேங்கோ. உவர் எண்டால் நாக்கே சொல்லிப்போடும். நாக்குக்குத் தெரியாத அழுக்குக்கு தண்ணியை சோதிக்கக் குடுக்கத்தான் வேணும், எங்கட சுண்ணாம்புக்கல் நிலத்தில பக்கத்து வீட்டு மலக்குழித் தண்ணி கிணத்துக்கு இலகுவா வந்து சேரும்.

காணி உறுதி எழுதுற செலவை கனபேர் மறந்து போயினம். காணி 50 லட்சம் எண்டால் முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், எல்லாமா 199,000 ரூபா. நொத்தாரிசு காசு, சேர்வேயர் காசு வேற. பங்குக்காணி எண்டால் இன்னும் கவனம், எங்கட யாழ்ப்பாணத் தமிழரின்ர வழக்கச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளருக்குத்தான் முதல்ல வாங்கிற உரிமை, அவைக்கு அறிவித்தல் குடுக்காமல் வித்த காணியை நீங்கள் வாங்கினால் லண்டனில இருக்கிற பங்காளர் ஒராள் பிறகு வழக்குப் போடலாம்.

பாங்கில கையெழுத்து வைக்க முதல் வட்டி நிலையானதோ மாறுறதோ எண்டு வடிவாக் கேளுங்கோ. 2022 ஏப்ரலில இலங்கை மத்திய வங்கி, பாங்குகளுக்குக் கடன் குடுக்கிற கொள்கை வட்டியை ஒரே நாளில 7.5 இல இருந்து 14.5 வீதத்துக்கு ஏத்தினது, அந்த நேரம் மாறுற வட்டியில கடன் எடுத்திருந்த குடும்பங்கள் பட்ட பாட்டை நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள். அப்பிடி ஒரு ஏத்தம் திரும்ப வந்தாலும் கட்ட ஏலுமோ எண்டு பாத்துத்தான் கடன் தொகையை முடிவெடுக்க வேணும்.

வீடு ரெண்டு அறையும் ஒரு குசினியும் இப்ப காணும். மேல்மாடி ஆசை இருந்தால் அத்திவாரத்தையும் தூணையும் இப்பவே எஞ்சினியரைக் கொண்டு அதுக்கேத்த மாதிரி போடுவியுங்கோ, மாடி ஆறுதலா வரட்டும். எனக்கு உண்மையா கோவம் வாறது குடிபூரலுக்கு வாற சனம் பாக்க வேணும் எண்டு மதிலுக்கும் கேற்றுக்கும் பிள்ளையின்ர தாலிக்கொடியை அடகு வைக்கேக்கதான். அது அவளின்ர நகை, ஒரு வருத்தம் வந்தால் கைக்கு உதவுறது அதுதான். மதில் பிந்திக் கட்டலாம், அதுவரைக்கும் கதியால் போட்டு வேலி அடையுங்கோ.